27 சொற்களும் ஒரு நாட்டின் ஐயமும்
அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம்: ஒரு மொழியியல் நோக்கு

 

இலக்கணமும் மொழியியலும் பேசுவதற்கென அமைந்த இவ்வரங்கில் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் வியந்திருக்கலாம். துப்பாக்கியைக் காவலரின் இடுப்பில் மட்டுமே கண்டு பழகிய நமக்கு இப்பொருள் தொலைவானது. ஆயினும், ஒரு வினையெச்சத்தை எவ்வாறு பொருள்கொள்வது, ஒரு சொற்றொடரை மரபுத்தொடராகக் கொள்வதா, சொற்பொருளாகக் கொள்வதா என்னும் வினாக்களை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே எடுத்து ஆராய்ந்த நிகழ்ச்சி மிக அரிது. அவ்வாராய்ச்சியின் முடிவில் மனித உயிர்களும் மனித உரிமைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. எனவே இது நம் வகுப்பறைக்கும் உரிய பொருளே.

சட்ட வாசகம்

அமெரிக்க அரசமைப்பின் முதற் பத்துத் திருத்தங்கள் 1791ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் இரண்டாவது, ஆங்கிலத்தில் 27 சொற்களால் ஆன ஒரே வாக்கியம். அதை இயன்ற அளவு அமைப்புக் கெடாமல் தமிழில் தருகிறேன்: 'நன்கு ஒழுங்குபட்ட குடிப்படை, சுதந்திர அரசு ஒன்றின் பாதுகாப்புக்கு இன்றியமையாததாய் இருக்க, படைக்கலங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமைக்கு ஊறு செய்யலாகாது.'

குடிப்படை என்று நான் குறிப்பது சம்பளம் பெறும் நிலைப்படையன்று. உழவரும் கைவினைஞரும் வணிகருமாகிய குடிமக்கள், வேண்டும்போது தத்தம் துப்பாக்கியுடன் ஒன்றுகூடும் அமைப்பு அது. படையை அறுவகையாகப் பகுத்துக் கூறும் நம் மரபில் வரும் 'நாட்டுப்படை' என்பதற்கு இதனை ஒருவாறு ஒப்பிடலாம்.

இவ்வாக்கியத்தில் இரு பகுதிகள் உள்ளன. முற்பகுதி குடிப்படையைப் பற்றியது. பிற்பகுதி மக்களின் உரிமையைப் பற்றியது. இரண்டுக்கும் எழுவாய் வேறு வேறு. இவ்விரு பகுதிகளுக்கும் இடையேயுள்ள உறவு யாது என்பதே 200 ஆண்டுகளுக்கு மேலாக நீடிக்கும் வழக்கின் வேர்.

ஐயம் பிறந்த சூழல்

வாக்கியத்தைப் பகுப்பதற்கு முன் அது பிறந்த சூழலைக் காண்போம். குடியேற்ற நாட்டு மக்கள் பிரித்தானிய ஆட்சியிடம் கற்ற பாடங்கள் கசப்பானவை. எந்த வீட்டிலும் எதையும் தேடலாம் என்னும் பொது ஆணைகளைக் கொண்டு சுங்க அதிகாரிகள் வீடு புகுந்தனர். 1768இல் பாஸ்டன் நகரில் அரசுப் படை வந்திறங்கியது. 1770 மார்ச் 5ஆம் நாள் அப்படையினர் சுட்டதில் ஐவர் இறந்தனர். 1775 ஏப்ரல் 19ஆம் நாள், கான்கார்டு என்னும் ஊரில் குடிப்படையினர் சேர்த்து வைத்திருந்த போர்க்கருவிகளைக் கைப்பற்றவே பிரித்தானியப் படை புறப்பட்டது. வழியில் லெக்சிங்டனில் வெடித்த துப்பாக்கிகளே விடுதலைப் போரின் தொடக்கம்.

ஆகவே, 1787இல் புதிய அரசமைப்பு வரையப்பட்டு நடுவண் அரசுக்குப் படை திரட்டும் ஆற்றல் வழங்கப்பட்டபோது பலர் அஞ்சினர். இன்று பிரித்தானிய அரசர் செய்ததை நாளை நம் அரசே செய்தால் என் செய்வது என்பது அவர்தம் வினா. இரண்டாம் திருத்தத்தின் அண்டை வீடுகளைப் பாருங்கள். மூன்றாம் திருத்தம், அமைதிக் காலத்தில் உரிமையாளரின் இசைவின்றிப் படைவீரரை வீட்டில் தங்க வைத்தலைத் தடுக்கிறது. நான்காம் திருத்தம், தக்க காரணமற்ற சோதனையைத் தடுக்கிறது. அரசை முழுமையாக நம்பலாகாது என்னும் எண்ணம் அந்நாட்டின் அடித்தள ஆவணத்திலேயே எழுதப்பட்டுள்ளது.

மேடிசன் 1789 ஜூன் மாதம் முன்வைத்த முதல் வரைவில் சொல்லடுக்கு வேறாக இருந்தது. மக்களின் உரிமை முதலிலும் குடிப்படை பின்னும் நின்றன. மூன்றாவதாக, சமயக் கொள்கையால் படைக்கலம் ஏந்தத் தயங்குவோரை நேரில் படைப்பணி ஆற்றுமாறு வற்புறுத்தலாகாது என்ற ஒரு விலக்கும் இருந்தது. கீழவையில் முதலிரு பகுதிகளும் இடம் மாறின. மேலவையில் சமய விலக்கு நீக்கப்பட்டது. அவ்விலக்கில் 'படைக்கலம் ஏந்துதல்' என்பது படைப்பணியையே குறித்தது. ஒரே வரைவில் ஒரே தொடர் இருமுறை வரும்போது இரண்டிடத்தும் ஒரே பொருள் கொள்வதா என்பது உரையாசிரியர்களைப் படித்தவர்க்குப் பழகிய வினா.

'செய' என்னும் எச்சம்

இனி இலக்கணத்திற்கு வருகிறேன். ஆங்கில வாக்கியத்தின் முற்பகுதி தனி எழுவாய் கொண்ட எச்சத் தொடர். தமிழில் 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாகத் தன் எழுவாயின் வினைகொண்டு முடியும். 'செய' என்னும் வாய்பாட்டு எச்சமோ பிறிதோர் எழுவாயின் வினையையும் கொள்ளும். ஆதலால்தான் என் மொழிபெயர்ப்பில் 'இருக்க' என்று எழுதினேன். ஆனால் 'செய' எச்சம் ஒரு பொருளில் நில்லாது. சில எடுத்துக்காட்டுகளைக் காண்க.

'வெள்ளம் வடிய, மக்கள் வீடு திரும்பினர்.' இங்கே எச்சம் காரணம். வெள்ளம் வடியாதிருந்தால் திரும்பியிருக்க மாட்டார்கள்.

'கதவு திறந்திருக்க, அவன் சன்னல் வழியே நுழைந்தான்.' இங்கே எச்சம் வெறும் சூழல். சொல்லப்போனால் சூழலுக்கு மாறான செயல்.

'பிள்ளைகள் படிக்கத் தாய் விளக்கேற்றினாள்.' இங்கே எச்சம் நோக்கம்.

மூன்றாவது வாக்கியத்தைச் சற்றே நீட்டிப் பார்ப்போம். பிள்ளைகள் உறங்கிவிட்டனர். விளக்கை அணைத்துவிட வேண்டுமா? அவ்விளக்கொளியில் பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறாள்; அவளுக்கு அவ்வொளியில் உரிமை உண்டா, இல்லையா? இலக்கணம் இதற்கு விடை தராது. விளக்கு ஏன் ஏற்றப்பட்டது என்பதை மட்டுமே அது கூறும். எதுவரை எரியலாம் என்பதை அவ்வீட்டு வழக்கமும் எண்ணெயின் விலையும் முடிவு செய்யும்.

அமெரிக்க வழக்கும் இதுவே. குடிப்படை என்னும் அமைப்பு பழைய வடிவில் இன்று இல்லை. நோக்கம் மறைந்தபின் உரிமை நிற்குமா? நிற்கும் என்பார் ஒரு சாரார். முற்பகுதி நோக்கத்தை அறிவிக்கிறதேயன்றி உரிமைக்கு எல்லை வகுக்கவில்லை என்பது அவர் வாதம். மற்றொரு சாரார், முற்பகுதி பயனின்றி எழுதப்பட்டிராது, அதுவே பிற்பகுதியைப் பொருள்கொள்ளும் திறவுகோல் என்பர்.

காற்புள்ளியும் இவ்வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டது. பேரவை மாநிலங்களுக்கு அனுப்பிய படியில் மூன்று காற்புள்ளிகள் உள்ளன. வேறு சில அச்சுப் படிகளில் ஒன்றே உண்டு. 2007இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாம் காற்புள்ளியைச் சுட்டி, வாக்கியம் இரண்டாகப் பிரிகிறது என்றது. 18ஆம் நூற்றாண்டில் நிறுத்தக்குறிகள் பெரும்பாலும் மூச்சுக்காக இடப்பட்டவை; தொடரிலக்கணத்துக்காக இடப்பட்டவையல்ல. காற்புள்ளியே இல்லாத ஓலைச்சுவடிகளைப் படித்துப் பொருள்கண்ட மரபினராகிய நாம் இக்குறியின் மேல் பெரும் பாரத்தை ஏற்றத் தயங்குவோம்.

படை எடுத்தலும் படையெடுத்தலும்

அடுத்து, 'படைக்கலம் ஏந்துதல்' என்னும் தொடர். தமிழில் 'படை' என்பதற்குச் சேனை என்றும் ஆயுதம் என்றும் இரு பொருளும் உண்டு. 'எடுத்தல்' எல்லார்க்கும் தெரிந்த வினை. ஆயினும் 'படையெடுத்தான்' என்றால் பரணிலிருந்து அரிவாளை எடுத்தான் என்று எவரும் கொள்வதில்லை. சொற்கள் சேர்ந்து மரபுத்தொடராகிவிட்டன. இன்றைய வழக்கில் 'ஆயுதம் ஏந்திய' என்னும் அடையும் அத்தகையதே. 'ஆயுதம் ஏந்திய குழு' என்கிறோம். ஒருவன் தன் வீட்டுப் பெட்டியில் துப்பாக்கி வைத்திருந்தால் 'துப்பாக்கி வைத்திருந்தான்' என்றே சொல்வோம்.

ஆங்கிலத் தொடரும் இவ்வாறு போர்ப்பணியைக் குறிக்கும் மரபுத்தொடரா, அன்றி ஆயுதத்தைக் கையில் கொண்டிருத்தல் என்னும் நேர்ப்பொருளுடையதா என்ற வினா 2008இல் உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. தலைநகர் வாஷிங்டனில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை ஏறத்தாழ முற்றிலும் தடை செய்த சட்டம் ஒன்று 1970களிலிருந்து நடப்பில் இருந்தது. பணிநேரத்தில் துப்பாக்கியுடன் காவல் புரிந்த டிக் ஹெல்லர் என்பவர், வீட்டிலும் ஒன்று வைத்திருக்க இசைவு கேட்டு மறுக்கப்பட்டார். அவ்வழக்கில் டென்னிஸ் பேரன் முதலிய மொழியியலாளர்கள் நீதிமன்றத்துக்கு எழுத்துரை அளித்து, முற்பகுதி பிற்பகுதியைக் கட்டுப்படுத்துகிறது என்றும் அத்தொடர் படைப்பணி சார்ந்தது என்றும் வாதிட்டனர்.

2008 ஜூன் 26ஆம் நாள் ஐவருக்கு நால்வர் என்ற அளவில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மையோர் சார்பில் எழுதிய நீதியரசர் ஸ்காலியா, இவ்வுரிமை தனிமனிதருக்கு உரியது என்றார். முதல், நான்காம் திருத்தங்களில் வரும் 'மக்களின் உரிமை' தனிமனித உரிமையாகவே கொள்ளப்படுவதை அவர் சுட்டினார். மறுத்தெழுதிய நீதியரசர் ஸ்டீவன்ஸ், அத்தொடர் படைப்பணியைக் குறிக்கும் மரபுத்தொடர் என்றார். 1776ஆம் ஆண்டுப் பென்சில்வேனிய உரிமைச் சாசனம் 'தம்மையும் நாட்டையும் காத்தற்பொருட்டு' என்னும் கருத்துடைய சொற்களைச் சேர்த்து இவ்வுரிமையை வழங்கியிருந்தது. தனிமனிதத் தற்காப்புக்கும் அத்தொடர் பயன்பட்டதற்கு அது சான்று என்றனர் பெரும்பான்மையோர். தற்காப்பைக் கருதியோர் அதை வெளிப்படையாகவே எழுதினர், இங்கே எழுதவில்லையே என்றார் ஸ்டீவன்ஸ். ஒரே சான்று இருபுறமும் பேசியது.

பத்தாண்டுகள் கழித்து, 2018இல், அரசமைப்புக் காலத்து ஆங்கில நூல்கள், கடிதங்கள், ஆவணங்கள் அடங்கிய பெருந்தரவகம் ஒன்றைப் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் பொதுப் பயன்பாட்டுக்கு வழங்கியது. அதில் தேடிய ஆய்வாளர்கள், அத்தொடர் வருமிடங்களுள் மிகப் பெரும்பாலானவை போர் அல்லது படைப்பணி சார்ந்தவை எனக் கண்டனர். இத்தொடரைப் பொறுத்தமட்டில் சான்றின் எடை ஸ்டீவன்ஸ் பக்கமே சாய்கிறது என்பது என் கருத்து. ஆயினும் 'வைத்திருத்தல்' என்னும் வினை அத்தகைய மரபுத்தொடரன்று. அது தனியே நின்று தன் நேர்ப்பொருளைத் தருகிறது. எனவே மொழியியல் ஒருபுறத்தார்க்கு முழு வெற்றியைத் தந்துவிட்டது என்று சொல்ல இயலாது.

சட்டமோ தன் வழியே சென்றது. 2010இல் அவ்வுரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் எனத் தீர்ப்பாயிற்று. 2022இல், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவாயினும் அந்நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2024இல், குடும்ப வன்முறை காரணமாக நீதிமன்றத் தடையாணைக்கு உட்பட்டவரிடம் துப்பாக்கி இருத்தலாகாது என்னும் சட்டம் எண்மருக்கு ஒருவர் என்ற அளவில் ஏற்கப்பட்டது.

அத்துமீறல் சொல்லில் தொடங்கும்

துப்பாக்கி உரிமையை வற்புறுத்தும் அமெரிக்கர் பலர், அரசு அத்துமீறினால் தடுப்பதற்கே அது வேண்டும் என்பர். இவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. அரசு அத்துமீறிய வரலாறு உண்டு. ஒரு மொழியியலாளர் அதைச் சொற்களிலேயே காணலாம்.

1942இல் மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். சுவர்களில் ஒட்டப்பட்ட ஆணைகள் அவர்களை எவ்வாறு குறித்தன தெரியுமா? 'அயலார், அயலார் அல்லாதார்' ஆகிய இருசாராரும் என்று. அயலார் அல்லாதவர் யார்? குடிமகன். குடிமகன் என்று எழுதினால் அவனுக்குரிய உரிமைகளும் அச்சொல்லோடு எழுந்து நிற்கும். எதிர்மறைச் சொல் ஒன்றால் அவ்வுரிமைகளை மறைத்துவிட்டனர். 1988இல்தான் அந்நாடு சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கேட்டு, அப்போது உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்க முடிவு செய்தது.

அண்மைக் காலச் சான்று ஒன்று. 2001இல் இயற்றப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பட்ட பாதுகாப்புச் சட்டம், விசாரணைக்குத் 'தொடர்புடைய' பதிவுகளைப் பெற அரசுக்கு இசைவளித்தது. அந்த ஒரு சொல்லை நீட்டி, கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசி அழைப்புப் பதிவுகள் திரட்டப்பட்டன. 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால் இது உலகறிந்தது. 2015இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், அச்சொல் இத்துணைப் பொருளைத் தாங்காது என்று தீர்ப்பளித்தது. எல்லாமே தொடர்புடையது எனில் அச்சொல்லுக்குப் பொருளே இல்லை.

இவ்விரு கொடுமைகளுக்கும் தீர்வு கிடைத்தது துப்பாக்கியாலன்று. வழக்காலும் சாட்சியத்தாலும் சட்டத்தாலும் கிடைத்தது. ஆயுத உரிமையும் எல்லார்க்கும் ஒன்றாய் இருந்ததில்லை. உள்நாட்டுப் போருக்குப்பின், 1865இல், மிசிசிப்பி மாநிலம் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் இசைவுச்சீட்டின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. 1967இல் கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கியுடன் கலிபோர்னியத் தெருக்களில் காவல்துறையைக் கண்காணித்தபோது, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் கொண்டு செல்வதைத் தடுக்கும் சட்டம் விரைந்து இயற்றப்பட்டது. அதில் கையொப்பமிட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். 'மக்கள்' என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பது எழுதப்படாத இலக்கணமாகவே இருந்து வந்தது.

ஐயம் அளவு கடந்தால் என்னாகும் என்பதற்கும் அங்கேயே சான்றுண்டு. 1993 ஏப்ரல் 19ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ அருகே, ஒரு சமயக் குழுவினரின் இருப்பிடத்தை நடுவண் அரசின் காவலர்கள் 51 நாள் முற்றுகையிட்டதன் முடிவில், தீயில் 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லி ஒருவன், ஈராண்டு கழித்து அதே நாளில், ஓக்லஹோமா நகர அரசுக் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தான். 168 பேர் இறந்தனர். அரசின் தவறும் உண்மை. அதன் பெயரால் நடந்த கொலையும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கலாகாது.

எண்ணெயின் விலையையும் கூற வேண்டும். 2021இல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். 2012இல் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியவர் அறுவரும் கொல்லப்பட்டனர். 2022இல் யுவால்டி நகரில் 19 குழந்தைகளும் ஆசிரியர் இருவரும் கொல்லப்பட்டனர். அவ்வகுப்பறைகளில் நின்றிருந்தவர்கள் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

நம் தமிழ் இதழ்களும் செய்திகளும் இப்பொருளை எழுதும்போது 'துப்பாக்கிக் கலாசாரம்' என்னும் தொடரையே பெரிதும் கையாள்கின்றன. அது ஏற்கெனவே ஒரு தீர்ப்பு. அங்கே ஒரு சாரார் 'துப்பாக்கி உரிமை' என்பர். மறுசாரார் 'துப்பாக்கிக் கட்டுப்பாடு' என்று சொல்லிவந்து, இப்போது 'துப்பாக்கிப் பாதுகாப்பு' என்கின்றனர். ஒரே வகைத் துப்பாக்கி ஒருவர் வாயில் 'தாக்குதல் ஆயுதம்'. மற்றவர் வாயில் 'நவீன விளையாட்டுத் துப்பாக்கி'. எச்சொல்லை எடுத்தாலும் ஒரு பக்கத்தில் போய் நிற்கிறோம். நிற்பது தவறன்று, நிற்பதை அறியாமல் நிற்பதே தவறு.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. இந்த 27 சொற்களை உயர்வகுப்பு மாணவர்களிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். 'இன்றியமையாததாய் இருக்க' என ஒருவர் எழுதுவார். 'இன்றியமையாதது ஆதலால்' என மற்றொருவர் எழுதுவார். 'சுதந்திர நாடு' என ஒருவரும், 'சுதந்திர மாநிலம்' என ஒருவரும் எழுதுவர். 'ஏந்த' என்பார் ஒருவர். 'கொண்டு செல்ல' என்பார் மற்றொருவர். ஒவ்வொருவரும் அறியாமலே ஒரு நீதியரசரின் இருக்கையில் அமர்ந்திருப்பார். யாருடைய மொழிபெயர்ப்பு யாருடைய தீர்ப்பு என்பதை வகுப்பே கண்டுபிடிக்கட்டும். பிறகு, தாம் ஏற்காத தீர்ப்பின் பக்கம் நின்று ஒருமுறை வாதிடச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாளை நீங்கள் வழக்கறிஞராகவோ, மொழிபெயர்ப்பாளராகவோ, அரசு அலுவலராகவோ ஆகலாம். 'தொடர்புடைய' என்பது போன்ற ஒரு சொல் உங்கள் மேசைக்கு வரும். அதன் பொருளை எவ்வளவு நீட்டலாம் என்று உங்களைக் கேட்பார்கள். அப்போது அகராதியை மட்டும் பாராமல், அச்சொல்லின் மறுமுனையில் நிற்கும் மனிதரையும் பாருங்கள். இலக்கணம் கற்றவருக்கு அவ்வாறு பார்க்கும் கடமை மற்றவரைவிடக் கூடுதல் என்பதே என் நம்பிக்கை.